ரிபல்ஸ் கப்பலின் கணக்குமேசை

1924 பிப்ரவரி 10 அன்று ஹூட், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் துணைக் கப்பல்களோடு சிங்கப்பூருக்கு வந்தன. திருகோணமலையில் தங்கி, போர்ட் சுவெட்டன்ஹாமைத் தொட்டு, இங்கே ஒரு வாரம் நின்று, பிறகு ஆஸ்திரேலியா போவது திட்டம். பேரரசின் பலத்தைக் குடிமக்களுக்குக் காட்டும் பயணம் என்பதால் காட்டுவதற்குக் குறைவில்லை. ரிபல்ஸின் நீளம் 242 மீட்டர். அதன் மூன்று சுழல்மேடைகளில் மேடைக்கு இரண்டாக ஆறு பீரங்கிகள். ஒவ்வொன்றின் வாயும் 15 அங்குலம். ஒரு குண்டின் எடை 870 கிலோவுக்கு மேல்.

காட்டாத பொருள் ஒன்று கப்பலின் அடிவயிற்றில், நீர்மட்டத்துக்குக் கீழே, கவசத் தளத்தின் மறைவில் இருந்தது. இரும்புச் சட்டத்தில் பொருத்திய பித்தளைப் பற்சக்கரங்கள், மெல்ல உருளும் காகிதச் சுருள், அதன் மேல் நகரும் பென்சில், கைப்பிடிச் சக்கரங்கள், எண் தட்டுகள். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று வேலை பார்க்கும் அளவுக்குப் பெரியது. அதற்கு டிரேயர் மேசை என்று பெயர். அது இல்லாவிட்டால் மேலே இருக்கும் ஆறு பீரங்கிகளும் வாணவேடிக்கைக்குத்தான் உதவும்.

ஏன் என்று சொல்ல நம்மூர் ஆள் ஒருவரைக் கூப்பிட வேண்டும். ஊர் ஜெர்மனிதான், ஆனால் எம்டனை நம்மூர் ஆளாக்கிக்கொண்டு நூறாண்டுக்கு மேல் ஆகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு அருகே வந்து, தேடுவிளக்கை அடித்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அதற்குப் பெரிய கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. தொட்டி எங்கும் ஓடாது, எம்டனும் மிக அருகில் நின்றது. அதே எம்டன் நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் மாட்டிக்கொண்டது. அங்கே நிலைமை வேறு. இரண்டு கப்பல்களும் ஓடுகின்றன, திரும்புகின்றன, நடுவில் மைல்கணக்கில் கடல். எம்டனின் முதல் குண்டுகளில் சில சிட்னியின் தூரமானியையும் பின்பக்கச் சுடுகட்டுப்பாட்டு மேடையையும் அடித்து நொறுக்கின. சண்டையில் முதலில் குத்தவேண்டியது கண்ணை என்று எம்டனுக்குத் தெரிந்திருந்ததா, குண்டு போய் விழுந்த இடம் அதுவா என்று சொல்ல முடியாது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. அன்று அது பிழைத்தது, எம்டன் அழிந்தது.

ஓடும் கப்பலிலிருந்து ஓடும் கப்பலைச் சுடுவதில் உள்ள சிக்கல் இது. 15 அங்குலக் குண்டு நெடுந்தூரம் பறந்து விழ அரை நிமிடம் போல ஆகும். 25 நாட் வேகத்தில் போகும் எதிரி அந்த அரை நிமிடத்தில் 380 மீட்டருக்கு மேல் நகர்ந்திருப்பான். அதாவது ரிபல்ஸ் போன்ற கப்பல் தன் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளிப் போயிருக்கும். இப்போது இருக்கும் இடத்தைக் குறிவைத்தால் குண்டு வெறுங்கடலில் விழும். குண்டு போய்ச் சேரும் நேரத்தில் அவன் எங்கே இருப்பான் என்பதைச் சொல்ல வேண்டும். நாமும் ஓடிக்கொண்டிருக்கிறோம். இரண்டு கப்பல்கள் 25 நாட் வேகத்தில் நேருக்கு நேர் விரைந்தால் இடைத்தூரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,700 கஜம் குறையும். பக்கவாட்டில் போனால் குறைவது வேறு கணக்கு. ஒருவர் திரும்பினாலும் எல்லாம் மாறிவிடும்.

இதற்கு 1902-ல் முதல் விடை சொன்னவர் ஜான் டுமாரெஸ்க், சிட்னியில் பிறந்த கடற்படை லெஃப்டினென்ட். வட்டத் தட்டு ஒன்று. அதன் மேல் நம் வேகத்துக்கு ஒரு சட்டம், எதிரியின் வேகத்துக்கும் திசைக்கும் இன்னொரு சட்டம். இரண்டையும் சரியாகத் திருப்பி வைத்தால், தூரம் நிமிடத்துக்கு எத்தனை கஜம் கூடுகிறது அல்லது குறைகிறது, எதிரி பக்கவாட்டில் எவ்வளவு நகர்கிறான் என்ற இரண்டு எண்களையும் முள் காட்டிவிடும். பள்ளியில் நம்மைப் படுத்திய முக்கோணவியல் முழுக்க ஒரு தட்டுக்குள். கருவிக்கும் டுமாரெஸ்க் என்றே பெயர் வந்தது. பின்னாளில் ஆஸ்திரேலியக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய இவர், 1922-ல் இங்கிலாந்து திரும்பும் வழியில் பிலிப்பைன்ஸில் நிமோனியா கண்டு இறந்துபோனார்.

டுமாரெஸ்க் ஒரு கணத்துக்கான விடையைத்தான் தரும். தூரமானி பார்ப்பவர் சொல்லும் தூரங்களோ ஆளுக்கொன்றாக இருக்கும். கிளாஸ்கோவின் பார் அண்ட் ஸ்ட்ரவுட் கம்பெனியின் தூரமானியில் எதிரிக் கப்பலின் உருவம் இரண்டு பாதியாகத் தெரியும். இரண்டையும் பொருத்தினால் தூரம் கிடைக்கும். புகையில், அலையில், குண்டு வெடிப்பில் அது எப்படிப் பொருந்தும்? வரும் எண்களில் எதை நம்புவது?

ஃபிரெடெரிக் டிரேயர் என்ற அதிகாரி இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறார். அப்பா ஜான் லூயிஸ் எமில் டிரேயர், டென்மார்க்கில் பிறந்து அயர்லாந்தில் வேலை பார்த்த வானியலாளர். வான்பொருள்களை இன்றும் நியூ ஜெனரல் கேட்டலாக் எண்ணால் அழைக்கிறோமே, அந்தப் பட்டியலைத் தொகுத்தவர். மகனின் மேசையைப் பார்த்தால் அப்பாவின் வீட்டுப் பழக்கம் தெரிகிறது. கிடைத்த ஒவ்வொரு தூரத்தையும் ஓடும் காகிதத்தில் புள்ளியாகக் குறி. புள்ளிகள் சிதறினாலும் நடுவே ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டின் சாய்வுதான் தூரம் மாறும் வேகம். திசைக்கும் அப்படியே ஒரு காகிதம். இவற்றோடு டுமாரெஸ்க்கையும் கடிகாரத்தையும் பற்சக்கரங்களால் இணைத்தால், தூரமானிக்கு எதிரி தெரியாமல் போன நிமிடங்களிலும் மேசை தானாகத் தூரத்தைச் சொல்லிக்கொண்டே போகும். வானியலாளருக்கு இருந்த ஒரு வசதி மட்டும் மகனுக்குக் கிடைக்கவில்லை: கோள்கள் சுக்கானைத் திருப்புவதில்லை.

மேசையைச் செய்தது லண்டனின் எலியட் பிரதர்ஸ், பழைய கருவி செய்யும் கம்பெனி. இதே கம்பெனி இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கணினி செய்யப் போனது. யோசித்தால் பெரிய தாவல் இல்லை. முதல் மேசை 1911-ல் ஒரு போர்க்கப்பலில் சோதனைக்கு ஏறியது. அந்தக் கப்பலின் பெயர் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்.

அதே 1911-ல், மார்ச் மாதம், சிங்கப்பூரில் முதல் விமானம் பறந்தது. ஜோசஃப் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜியக்காரர் பெட்டிபோன்ற இரட்டைச் சிறகு விமானத்தை ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து கிளப்பினார். சிராங்கூன் சாலையின் மாட்டுக் கொட்டகைகளுக்கும் பால்காரர் குடியிருப்புகளுக்கும் அடுத்த திடல் அது. பந்தயம் 1933-ல் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டாலும், லிட்டில் இந்தியாவில் மீன்தலைக் கறி சாப்பிடப் போகிற தெருவுக்கு இன்னமும் ரேஸ் கோர்ஸ் ரோடு என்றுதான் பெயர். 1919 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித்தும் அந்தத் திடலில்தான் இறங்கினார். விமானத்தைப் பற்றிக் கடற்படைக் கணக்கு போட வேண்டிய தேவை 1911-ல் பெரிதாகத் தோன்றவில்லை.

டிரேயருக்குப் போட்டியாளர் ஒருவர் இருந்தார். ஆர்தர் ஹங்கர்ஃபோர்ட் போலன், கடற்படைக்காரர் அல்ல. லைனோடைப் அச்சு இயந்திரக் கம்பெனியை நடத்தியவர். 1900-ல் மால்டாவில் கடற்படையின் சுடுபயிற்சியை வேடிக்கை பார்க்கப் போனவருக்கு, கடலில் இவ்வளவு கிட்டத்திலிருந்து சுடுகிறார்களே என்று வியப்பு வந்தது. அந்த வியப்பைத் தீர்க்கக் காலமும் காசும் செலவழித்தார். அவருடைய ஆர்கோ கடிகாரம், மாறும் வேகமே மாறிக்கொண்டிருப்பதையும் தானாகச் சேர்த்துக் கணக்கிட்டது. டிரேயர் மேசையில் அதற்கு ஆட்கள் திரும்பத் திரும்பச் சக்கரத்தைத் திருகவேண்டும். கடற்படை தன் சொந்த ஆளின் மேசையையே எடுத்துக்கொண்டது. 1916-ல் ஜட்லாந்துப் போரில் பிரிட்டிஷ் கப்பல்கள் சுட்ட லட்சணத்துக்கு அந்தத் தேர்வுதான் காரணம் என்று வரலாற்றாசிரியர் ஜான் சுமிடா எழுதினார். இல்லை, மேசை தன் வேலையைச் செய்தது என்று ஜான் புரூக்ஸ் எழுதினார். படித்தவரையில் எனக்குத் தோன்றுவது, புகைமூட்டத்தில் எதிரியே தெரியாதபோது எந்த மேசைக்கும் சோறு கிடைக்காது என்பதுதான். போலனுக்கு 1925-ல் 30,000 பவுண்டு கொடுத்தார்கள். டிரேயர் ஜட்லாந்தில் தலைமைத் தளபதியின் கப்பலுக்கே கேப்டன்.

ஜட்லாந்தில் நம் பக்கத்துக் காசும் ஓடியது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பஹாங் ஆகிய கூட்டு மலாய் மாநிலங்கள் பேராக் சுல்தான் இத்ரிஸின் யோசனைப்படி 1912-ல் பிரிட்டனுக்கு ஒரு போர்க்கப்பலை அன்பளிப்பாக அறிவித்தன. விலை ஏறத்தாழ 29 லட்சம் பவுண்டு. பெயர் மலாயா. அந்த மாநிலங்களின் கருவூலம் ஈயத்திலும் ரப்பரிலும் நிறைந்தது. ரப்பர் மரத்தில் விடியற்காலையில் பால் வெட்டியவர்கள் யார் என்று தமிழ் வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை. ஜட்லாந்தில் எட்டுக் குண்டுகள் வாங்கி, அறுபதுக்கு மேற்பட்ட மாலுமிகளை இழந்து திரும்பிய மலாயா, 1921 தொடக்கத்தில் தன்னை வாங்கிக் கொடுத்த நாட்டையும் சிங்கப்பூரையும் பார்க்க வந்தது. அதன் அடித்தளத்திலும் ஒரு டிரேயர் மேசை. நாகப்பட்டினத்தில் கப்பலேறித் தோட்டத்துக்கு வந்த ஒரு தொழிலாளி தன் உழைப்பில் எலியட் பிரதர்ஸின் பித்தளைப் பற்சக்கரம் ஒன்றுக்குப் பங்கு கொடுத்திருப்பதை எந்தக் கங்காணியும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்.

ரிபல்ஸின் மேசையைச் சுற்றி யார் நின்றார்கள் என்பது எனக்குப் பிடித்த பகுதி. கப்பலின் பேண்டு வாத்தியக்காரர்கள். ராயல் மரீன் இசைக்குழுவினர் விருந்துகளில் வாசிப்பார்கள், கொடியேற்றத்தில் வாசிப்பார்கள். போர்மணி அடித்தால் வாத்தியத்தை வைத்துவிட்டு இந்த அறைக்கு இறங்குவார்கள். பெரிய கப்பல்களில் இது பொதுவான வழக்கம். தூரமானியிலிருந்து வரும் எண்ணை முள்ளோடு பொருத்துவது, சக்கரத்தைச் சீராகத் திருகுவது, அடுத்தவர் தாளம் தப்பாமல் தன் பங்கைச் செய்வது இவர்கள் வேலை. கிளாரினெட் பழகிய விரல்களுக்கு இது கைவரும் என்று கண்டவர் கெட்டிக்காரர். மேசை சொல்லும் விடை மின்கம்பி வழியாகப் பீரங்கி மேடைக்குப் போகும். மேலே, கப்பலின் உச்சியில் டைரக்டர் என்ற ஒற்றைக் குறிநோக்கியில் ஒருவர் இருப்பார். பீரங்கிகளை அவர் ஒரே விசையில் ஒன்றாகச் சுடுவார். அந்த ஏற்பாடு பெர்சி ஸ்காட் என்ற பிடிவாதக்கார அட்மிரலின் கைவண்ணம். 1912 நவம்பரில் டைரக்டர் வைத்த தண்டரர் கப்பலும் வைக்காத ஓரியனும் போட்டி போட்டுச் சுட்டபோது, வைக்காதது வெட்கப்படும்படி தோற்றது.

1916-ல் பணிக்கு வந்த ரிபல்ஸ் ஜட்லாந்தைத் தவறவிட்டது. 1917 நவம்பரில் ஹெலிகோலாந்து அருகே கோனிக்ஸ்பெர்க் என்ற ஜெர்மன் கப்பலை ஒரு குண்டால் அடித்தது. சிங்கப்பூருக்கு வந்த 1924 பிப்ரவரியில் அதன் மேசை உண்மையான எதிரிக்குப் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

கப்பல்கள் போன மறுமாதமே லண்டனில் புதிய தொழிற்கட்சி அரசு, சிங்கப்பூரில் கடற்படைத் தளம் கட்டும் திட்டத்தை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஆட்சி மாறித் திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. அந்தத் திட்டத்தின் வேர்களிலும் டிரேயரின் கை உண்டு. 1919-ல் ஜெல்லிகோ பிரபு பேரரசின் கடல் பாதுகாப்பை ஆராய நியூசிலாந்து கப்பலில் கிளம்பியபோது அவருக்குத் தலைமைப் பணியதிகாரி டிரேயர். கிழக்கில் பெரிய படை வேண்டும், சிங்கப்பூர் அதற்குத் திறவுகோல் என்று அந்தக் குழு எழுதியது. 1933-ல் டிரேயரே சீனக் கடற்படைப் பிரிவின் தலைமைத் தளபதியாக இந்தப் பக்கம் வந்தார். 1934 ஜனவரியில் சிங்கப்பூரில் கென்ட் கப்பலில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, கிழக்கிந்தியப் பிரிவுகளின் தளபதிகளைக் கூட்டி ரகசியமாகப் பேசினார். ஜப்பான் வந்தால் என்ன செய்வது என்பதுதான் பேச்சு.

செம்பவாங்கில் தளம் எழுந்தது. 1928-ல் டைன் நதியிலிருந்து மிதக்கும் உலர்துறை ஒன்றைச் சூயஸ் வழியாக இழுத்து வந்தார்கள். 1938 பிப்ரவரி 14 அன்று ஆறாம் ஜார்ஜ் பெயரில் ஆயிரம் அடி உலர்துறை திறந்தது. சதுப்பைத் தூர்த்தவர்களிலும் பட்டறையில் நின்றவர்களிலும் தமிழரும் மலையாளிகளும் ஏராளம். தளத்தைச் சுற்றி அவர்களுடைய குடியிருப்பு, தேநீர்க்கடை, பள்ளி. கேன்பெரா சாலையில் மரத்தடியில் தளத்து வேலையாட்கள் கும்பிடத் தொடங்கிய முருகன் இப்போது யீஷுனில் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோயிலாக இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். சாங்கியில் ரிபல்ஸில் இருந்ததே போன்ற 15 அங்குலப் பீரங்கிகள் மூன்றைத் தரையில் நட்டார்கள். அவை கடலை மட்டுமே பார்த்து நின்றன, திரும்பாது என்பது இங்கே டாக்சி ஓட்டுநர் முதல் எல்லாரும் சொல்லும் கதை. திரும்பின, சுட்டன. கவசத்தைத் துளைக்கும் குண்டுகளே அதிகம் இருந்ததுதான் குறை. நடந்து வரும் படைக்கு அவை சரிப்படவில்லை.

தளம் இருந்தது, நிரந்தரப் போர்ப்படை இல்லை. போர் மூண்டால் ஐரோப்பாவிலிருந்து கப்பல்கள் வந்துசேரும் என்பது கணக்கு. வந்துசேர 42 நாள் என்றார்கள். பிறகு 70 நாள் ஆனது. 1939-ல் 180 நாள். தூரம் கூடும் வேகமே கூடிக்கொண்டிருந்ததைக் காட்ட லண்டனில் ஒரு காகிதச் சுருள் இல்லாமல் போயிற்று. ஒரே மாதிரியான நம்பிக்கைதான் இரண்டிலும் இருந்தது. எதிரி அதே திசையில், அதே வேகத்தில், நமக்குப் பழகிய கப்பலில் வருவான் என்று மேசையும் நம்பியது, பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமும் நம்பியது. இத்தனைக்கும் 1921-ல் செம்பில் என்பவர் தலைமையில் பிரிட்டிஷ் குழு ஒன்று ஜப்பானுக்கே போய், கடற்படை விமானம் ஓட்டவும் அதிலிருந்து டார்பிடோ போடவும் கற்றுக்கொடுத்திருந்தது.

1941 டிசம்பர் 2 அன்று ரிபல்ஸ் மீண்டும் வந்தது, இம்முறை செம்பவாங்கிற்கு. கூட வந்தது புத்தம்புதிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், முப்பதாண்டுக்கு முன் முதல் மேசையைச் சுமந்த கப்பலின் பெயரை வாங்கியது. அதனுள் டிரேயர் மேசைக்கு வாரிசாக வந்த அட்மிரால்டி சுடுகட்டுப்பாட்டு மேசை. அந்த மேசையின் கணக்கில்தான் மே மாதம் ஜெர்மனியின் பிஸ்மார்க் கப்பலை மூன்று முறை அடித்தது. அதே சண்டையில் டிரேயர் மேசையோடு ஹூட் வெடித்து மூழ்கியது.

விமானங்களைச் சுட இரண்டு கப்பல்களிலும் தனிக் கருவி இருந்தது. ஹேக்ஸ் என்று கூப்பிடுவார்கள். விமானம் ஒரே உயரத்தில் நேராகப் பறக்கும் என்று அதுவும் எடுத்துக்கொண்டது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸில் அதற்கு உதவும் ரேடார்கள் இந்த ஊர் வெப்பத்திலும் புழுக்கத்திலும் படுத்துவிட்டன. விமானப்படைத் தொழில்நுட்பக்காரர்கள் வந்து பார்த்து ஒரு வாரம் கேட்டார்கள். ஒரு வாரம் இல்லை. டிசம்பர் 8 மாலை அட்மிரல் டாம் பிலிப்ஸ் இரண்டு கப்பல்களையும் நான்கு டிஸ்ட்ராயர்களையும் கூட்டிக்கொண்டு ஜப்பான் படையைத் தடுக்க வடக்கே போனார்.

10-ஆம் தேதி காலை குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் வந்தன, சைகோன் பக்கத்திலிருந்து, 85 அல்லது அதற்குச் சற்றுமேல். 11 மணிக்குச் சற்றுப் பின் ரிபல்ஸ் மேல் முதல் குண்டு விழுந்தது. கேப்டன் டென்னன்ட் 25 ஆண்டுப் பழைய கப்பலைத் திருப்பித் திருப்பிப் பத்தொன்பது டார்பிடோக்களைத் தப்பவிட்டார். அத்தனை திருப்பத்தில் எந்தக் குறியும் நிலைக்காது. எதிரியின் கணக்கைக் கெடுக்க ஆடும் ஆட்டம் நம் கணக்கையும் கெடுக்கும். 15 அங்குலப் பீரங்கிகளுக்கு அன்று வேலையே இல்லை. அவற்றுக்குக் கணக்குப் போடும் மேசைக்கும் இல்லை. விமானங்கள் இரண்டு பக்கமும் சேர்ந்து வந்தபோது கப்பலால் எந்தப் பக்கமும் திரும்ப முடியவில்லை. 12.33-க்கு ரிபல்ஸ் மூழ்கியது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் சுக்கான் பக்கம் முதல் டார்பிடோவிலேயே பாழாகி, மின்சாரம் போய், கப்பல் சாய்ந்து, பல பீரங்கிகள் நின்றுபோயிருந்தன. 1.20 வாக்கில் அதுவும் போனது. செம்பவாங் விமானத் தளத்திலிருந்து பஃபலோ விமானங்கள் வந்துசேர்ந்தது அந்த நேரத்தில்தான். இறந்தவர்கள் 840 பேர். ரிபல்ஸில் மட்டும் 513. சுட்டு வீழ்த்திய விமானங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பிழைத்த இரண்டாயிரம் பேரை டிஸ்ட்ராயர்கள் எண்ணெயும் உப்புமாகச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து சேர்த்தன. 67 நாள் கழித்து ஊரும் விழுந்தது.

டிரேயர் அப்போது ஓய்விலிருந்து திரும்பிவந்து வேலையில் இருந்தார். 1942-ல் அவருக்குக் கிடைத்த பதவி கடற்படை விமானப் பிரிவின் தலைமை.

மலாயா கப்பல் பிழைத்தது. 1941 பிப்ரவரியில் ஜெனோவா நகரத்தைச் சுட்டபோது அதன் கவசத்துளைப்பான் ஒன்று சான் லொரென்சோ பேராலயத்துக்குள் விழுந்து வெடிக்காமல் கிடந்தது. அதை இன்றும் அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1948-ல் கப்பலை ஸ்காட்லாந்தில் உடைத்தார்கள். ரிபல்ஸ் ஏறத்தாழ 55 மீட்டர் ஆழத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. போர்க்கல்லறை என்று பிரிட்டன் சொல்கிறது. பழைய இரும்புக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. 2023 மே மாதம் சுவான் ஹோங் 68 என்ற சீனப் படகை மலேசிய அதிகாரிகள் பிடித்தபோது, அதில் துருப்பிடித்த எஃகும் பழைய பீரங்கிக் குண்டுகளும் இருந்தன. இரண்டு கப்பல்களிலிருந்தும் வெண்கலம், பித்தளை என்று விலைபோவதையெல்லாம் பல ஆண்டுகளாகவே பெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வம்சத்து மேசையை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. 1959 கடைசியில் செம்பவாங்கிற்கு வந்து 1962 மார்ச் வரை இங்கிருந்தே கீழைக் கடல்களில் சுற்றிய பெல்ஃபாஸ்ட் கப்பல் இப்போது லண்டனில் தேம்ஸ் நதியில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அதன் அடித்தளத்தில் அட்மிரால்டி மேசை, முன்பு இருந்த அறையிலேயே இருக்கிறது. டிக்கெட் வாங்கி இறங்கலாம். ஏணிகள் செங்குத்தானவை; சேலையில் போகிறவர்கள் யோசித்துப் போகவும்.